பஞ்சாலை பொருத்திய கணினி

அம்மாவின் கணினி ஏழெட்டு நிமிடம் ஓடும். பிறகு நின்றுவிடும். தட்டிய வரிகள் திரையில் அப்படியே இருக்கும். எந்த விசையை அழுத்தினாலும் அசையாது. 1998 பங்குனியில் எங்கள் வீட்டில் இருந்த பிரச்சினை இது ஒன்றுதான். மற்ற கவலைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

அம்மாவின் பெயர் பஞ்சாலை. மலேசியாவில் கோலா சாவாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பிறந்தார். அப்போது அது ரப்பர், பிறகு செம்பனை. பிறந்த வீட்டிலிருந்து நான்கு கதவு தள்ளி வாழ்ந்தார். சென்ற ஐப்பசியில் அங்கேயே இறந்தார். நெஞ்சுவலி. வயது நாற்பத்தேழு. சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வந்தது; தேவைப்படவில்லை.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பங்குனி வாரம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன்.

அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறகு பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கும் வேலை. எனக்கு நான்கு வயதில் அப்பா காய்ச்சலில் போனார். அதே ஆண்டு செனவாங்கில் இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பேருந்து முதல்முறையாக எங்கள் தோட்டத்து முகப்பு வரை வந்தது. பெண்கள் வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், விரல் நடுங்கக் கூடாது என்றார்கள். அம்மா பால் வாளியைச் சமையலறை மூலையில் கவிழ்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினார். அந்த வாளி நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலையில் அவருக்கு நுண்ணோக்கி வேலை. விரல் நகத்தை விடச் சிறிய உறுப்புகளில் கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு. இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. ஒவ்வோர் உறுப்பின் பளபளப்பான பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. தாளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால்கூட அந்த உறுப்பு சிவப்புத் தட்டுக்குத்தான் போகும். அம்மாவின் மேசையிலிருந்து ஓரம் தூக்கிய தாளோடு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று அவருடைய மேற்பார்வையாளரே சொல்வாராம். அம்மா அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெருமையாகத்தான்.

இந்தச் சட்டம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் வாங்கினால் அதன் கண்ணாடித் தாள் அப்படியே இருக்கும். தொலைக்காட்சியின் ரிமோட் வந்த உறைக்குள்ளேயே கிடக்கும். உறைக்கு மேலேயே அழுத்துவோம். குளிர்பெட்டி வந்து ஐந்து ஆண்டாகியும் கதவில் ஒட்டிவந்த நீலத் தாளை உரிக்க விடவில்லை. பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் சன்னாசி ஐஸ் தண்ணீர் கேட்டு வரும்போதெல்லாம் அந்தக் கதவைப் பார்த்துக் கேட்பார்:

"ஏன்க்கா, இத எப்ப கட்டிக் குடுக்கப் போறீங்க? மாப்ள வீட்டுக்கு அனுப்புற மாதிரியே வெச்சிருக்கீங்க."

"நீ தண்ணியக் குடிச்சிட்டுப் போ லா. கை ரேகை படாம கதவச் சாத்து."

1998 தொடக்கத்தில் தொழிற்சாலை பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ஊரெங்கும் அதே கதைதான். அம்மா வெள்ளை மேலங்கி, கையில் கட்டும் நிலக்கம்பிப் பட்டை, ஒரு சாமணம், ஒரு பூதக்கண்ணாடி இவற்றோடு கடைசிப் பேருந்தில் வந்து இறங்கினார். மறுநாளே மண்டோர் நல்லசாமி வாசலில் நின்றார். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர்.

"பஞ்சாலை, உதிரிப்பழம் பொறுக்க ஆளு வேணும். பெரட்டுக்கு வந்துரு."

செம்பனைக் குலையை வெட்டித் தள்ளியபின் தரையில் சிதறும் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலை அது. நாள் முழுவதும் குனிந்தே இருக்க வேண்டும். பெரட்டு என்பது விடிவதற்கு முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. அம்மா பதினாறு வருடம் முன்பே அந்த வரிசையை விட்டு வெளியேறியவர்.

"கொஞ்சம் பொறுங்க மண்டோரே. வேற ஒண்ணு பாக்குறேன்," என்றார்.

அந்த 'வேற ஒண்ணு' எனக்குக்கூடத் தெரியாது. நான் போர்டிக்சனில் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு ஆண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானில் தமிழ்த் தட்டச்சு படித்திருக்கிறார். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோயிலுக்கும் போயிருக்கிறார், வகுப்பு அதற்குப் பக்கத்துத் தெரு.

சிரம்பானில் ஆதப்பன் என்று ஒரு செட்டியார் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கருமாதி அறிவிப்பு எல்லாம் அவரிடம்தான் போகும். அவரிடம் தமிழ் தட்டச்சிய பையன் கோலாலம்பூருக்குப் போய்விட்டான். அம்மா நேரே போய்க் கேட்டார். ஆதப்பன் சொன்ன நிபந்தனை எளிமையானது. சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா மலர் முழுவதையும் பக்கம் கட்டி, டிஸ்கெட்டில் சனிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் அச்சகத்தின் தமிழ் வேலை முழுவதும் அம்மாவுக்கு. இல்லாவிட்டால் கோலாலம்பூரில் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். எல்லாம் அங்கே போய்விடும்.

அம்மா கடையில் செய்து வைத்த கணினியை வாங்கவில்லை. உறுப்பு உறுப்பாகக் கோலாலம்பூரில் வாங்கிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "பதினாறு வருசம் சாமான் சரியா இருக்கான்னு பாத்தேன். ஒண்ணுகூட வேல செஞ்சி பாத்ததில்ல" என்றார்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் சாப்பாட்டு மேசையில் அதைப் பொருத்தினார். நான் அப்போது வீட்டில் இல்லை. சன்னாசி சொல்லித்தான் தெரியும். அம்மா வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டாராம். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்க, மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதிலிருந்து நீளமான கம்பியை இழுத்து வாசல் தண்ணீர்க் குழாயில் சுற்றினாராம். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் சன்னலில்.

"அக்கா, ஆடு மாடு மாதிரி உங்களயே கட்டிப் போட்டுக்கிட்டீங்களே!" என்றிருக்கிறார் சன்னாசி.

"கம்பிய மிதிக்காத. ஓரமா நில்லு."

முதல் தடவையே திரை ஒளிர்ந்தது. சன்னலில் கைதட்டினார்கள். விசைகளின்மேல் தமிழ் எழுத்துகளைச் சிறு தாள்களில் எழுதி ஒட்டினார். தட்டத் தொடங்கினார். கமிட்டித் தலைவரின் வாழ்த்துரை பாதியில் நின்றது.

அந்த வாழ்த்துரையை அம்மா பலமுறை தட்டினார். ஒவ்வொரு முறையும் தலைவர் "அன்னையின் அருளால்" என்று சொல்லி முடித்ததும் கணினி உறைந்தது.

வியாழக்கிழமை தோட்டத்து அலுவலகத்திலிருந்து பாலிடெக்னிக் விடுதிக்குத் தொலைபேசி செய்தார்.

"பாப்பா, பெட்டி நின்னுடுது."

"எப்ப நிக்குது?"

"வேல செய்யும்போது."

"அம்மா, எவ்ளோ நேரம் ஓடுன பின்னாடி?"

"தலவர் வணக்கம் சொல்லி முடிக்கிற நேரம். வா."

அன்று பிற்பகலே வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை மதியத்துக்கு இடையில் ஒரு முழு நாள்தான் இருந்தது. நாற்பது பக்க மலரில் ஆறு பக்கம் டிஸ்கெட்டில் இருந்தது.

அம்மா எல்லாவற்றையும் ஏற்கெனவே முயன்றிருந்தார். வெயிலால்தான் என்று நினைத்து விடியற்காலையில் தட்டியிருக்கிறார். இன்னும் சில நிமிடம் கூடுதலாக ஓடியிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே ஈரச் சாக்கைக் கட்டியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை மின்விசிறியை முழு வேகத்தில் அதற்கு எதிரே வைத்திருந்தார். அதற்கும் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. ஆனால் நின்றது.

இந்தத் தகவல்கள் எனக்குப் போதும். குளிர்ந்தால் அதிக நேரம் ஓடுகிறது. நின்றதும் உடனே மறுபடி இயக்கினால் ஒரு நிமிடத்திலேயே நிற்கிறது. அரை மணி விட்டுவிட்டால் மறுபடி ஏழெட்டு நிமிடம். மென்பொருள் கோளாறு என்றால் அதற்கு வெயில் தெரியாது. ஏதோ ஒன்று சூடாகிறது.

மின்வழங்கியை அளந்தேன். சரி. நினைவகத்தைக் கழற்றி வேறு குழியில் போட்டேன். மாற்றமில்லை. செயலிக்குத் தவறான மின்னழுத்தம் கொடுத்திருந்தால் சூடாகும். பலகையில் அதற்கென்று இருக்கும் சிறு இணைப்பிகளைக் கையேட்டோடு ஒப்பிட்டேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் போட்டவை. அங்கே பிழை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. செயலியின் தலையில் அலுமினியப் பட்டைகள், அதன்மேல் சிறு விசிறி. விசிறி சீராகச் சுழன்றது.

சன்னாசி லாரியை நிறுத்திவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கைகட்டி நின்று பார்த்தார்.

"ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சிருக்கும்."

"இதுல தண்ணியே இல்லண்ணே."

"அதான் லா சூடாவுது."

அம்மா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் முதலில் சிரித்தது அப்போதுதான் என்று சன்னாசியின் மனைவி பிறகு சொன்னார்.

சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. மண்டோர் நல்லசாமி. திறந்து கிடந்த பெட்டியையும் ஈரச் சாக்கையும் பார்த்தார்.

"என்னா, ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப் போச்சா? நான் அன்னிக்கே பெரட்டுக்கு வரச் சொன்னேன். டவுன்ல ஏர்கோன் ரூம்ல வைக்கிற சாமான். லயத்துல தாங்குமா?"

அம்மா மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"கோயில் மலரு பஞ்சாலை. வெளையாட்டு இல்ல. நான் ஆதப்பன்கிட்ட பேசிக்கிறேன், கோலாலம்பூருக்கே அனுப்பட்டும். நீ திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு."

"சனிக்கெழம இன்னும் வரலியே மண்டோரே," என்றார் அம்மா.

மோட்டார் சைக்கிள் போனபின் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அம்மா வேலையிலிருந்து வந்தால்தான் அதைச் செய்வார். வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டாரோ என எனக்குத் தோன்றியது.

"இன்னொரு தடவ ஓட விடும்மா. நிக்குற வரைக்கும்," என்றேன்.

நின்றதும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அலுமினியப் பட்டைகளைத் தொட்டேன். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். அம்மாவும் தொட்டார்.

"இத நான் தெனமும் தொட்டுப் பாத்தேன். சூடே இல்ல. அதனாலதான் இது இல்லன்னு விட்டுட்டேன்."

பெட்டியைச் சாய்த்து, பலகையின் பின்பக்கம், செயலி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே விரலை நுழைத்தேன். சுட்டது. உடனே எடுத்துவிட்டேன். அம்மாவும் நுழைத்தார். அவரும் எடுத்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செயலியின் சூடு மேலே ஏறி அலுமினியத்துக்குப் போக வேண்டும். விசிறி அதை ஊதித் தள்ள வேண்டும். இங்கே சூடு மேலே போக வழியில்லாமல் கீழே பலகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அலுமினியம் குளிர்ச்சியாக இருந்தது நல்ல செய்தி அல்ல. அதுதான் நோய்.

"அம்மா, இந்த அலுமினியத்தக் கழட்டணும்."

"வேணாம்."

"ஏன்?"

"ஒட்டுனதப் பிரிச்சா ரிஜெக்ட்."

"இது ஃபேக்டரி இல்லம்மா."

"அந்தக் கொக்கிய பாத்தியா? ஸ்க்ரூடிரைவர் வெச்சி நெம்பணும். வழுக்கிச்சின்னா பலகையில கோடு விழும். கோடு விழுந்தா எல்லாம் போச்சி. இன்னொரு பலக வாங்க வழியில்ல பாப்பா."

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்துக் கொக்கிகள் முரட்டுத்தனமானவை. வழுக்கிய திருப்புளி பலகையின் மெல்லிய செம்புக் கோடுகளை அறுத்துவிடும். பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கழற்றாவிட்டால் சனிக்கிழமை இல்லை. அதையும் சொன்னேன்.

 அம்மா மேலங்கியின் பொத்தான்களை மறுபடி போட ஆரம்பித்தார்.

நான் திருப்புளியை எடுத்தேன்.

"உன் கை நடுங்குது. தள்ளு."

மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டார். சன்னாசி தானாகவே கம்பியைக் கொண்டுபோய்க் குழாயில் சுற்றினார். அம்மா கொக்கிக்குக் கீழே பலகையின்மேல் ஒரு பழைய பால் பெட்டியின் அட்டையை மடித்து வைத்தார், வழுக்கினால் அட்டையில் படட்டும் என்று. எனக்கு அது தோன்றவில்லை. திருப்புளியை நுழைத்து ஒரே அழுத்து. டக் என்றது. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொற," என்றார் அம்மா. "கழண்டுருச்சி."

அலுமினியத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சூடு கடத்தும் பசைத் துண்டு. அதன்மேல் ஒரு பளபளப்பு. நான் குனிவதற்குள் அம்மா பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார்.

பிளாஸ்டிக் தாள்.

ஓரம்கூடத் தூக்கவில்லை. அத்தனை பத்திரமாக இருந்தது. மூலையில் மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் 'பயன்படுத்தும் முன் உரிக்கவும்' என்று அச்சிட்டிருந்தது.

"இத நீ பாக்கலியாம்மா?"

"பாத்தேனே. நல்லா பாத்தேன். கீறல் இல்ல, தூசி இல்ல. நாலு மூலையும் ஒட்டியிருந்திச்சி."

"எழுத்தப் படிக்கல?"

"பதினாறு வருசமா படிக்கிறேன் அந்த எழுத்த. அது நமக்கு இல்ல பாப்பா. அது கஸ்டமருக்கு."

"சரி. இங்க கஸ்டமரு யாரு?"

அம்மா சன்னாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த அலுமினியத்தைப் பார்த்தார்.

"அடச்சே," என்றார். "நானா?"

பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு. கையில் கம்பி கட்டியிருந்ததால் விலகிப் போகவும் முடியாமல் அங்கேயே நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சன்னாசிக்கு எதுவும் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

தாளை அம்மாதான் உரித்தார். சாமணத்தால் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில். கிழியவில்லை. அதை எறியவும் இல்லை. திரைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. இதை நான் தட்டிக்கொண்டிருக்கும் மேசைமேல், கை எட்டும் தூரத்தில்.

அலுமினியத்தை மறுபடி செயலியின்மேல் உட்கார வைத்தோம். கொக்கி இறங்கியது. விசையை அழுத்தினோம். அம்மா கமிட்டித் தலைவரின் வாழ்த்துரையைத் தொடக்கத்திலிருந்து தட்டினார். "அன்னையின் அருளால்" வந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். அடுத்த வரி வந்தது. அதற்கடுத்த வரியும். வாழ்த்துரை முடிந்து செயலாளர் உரை தொடங்கியது.

நான் அலுமினியத்தைத் தொட்டேன். நன்றாகச் சுட்டது.

"சூடாயிருச்சிம்மா!" என்றேன்.

"சூடாயிருச்சா! சூடாயிருச்சா!" என்று சன்னாசி வாசலுக்கு ஓடிப் போய்ச் சத்தம் போட்டார். லயத்தில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதுதான் அன்றைக்கு மிகவும் சிரமமான வேலை.

வெள்ளிக்கிழமை முழுவதும் கணினி நிற்கவில்லை. ஈரச் சாக்கை அவிழ்த்தோம். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டோம். நான் கையெழுத்துப் படிகளை வாசித்தேன், அம்மா தட்டினார். உபயகாரர்களின் பெயர்கள், பூசை நேரங்கள், பால்குடம் எடுப்பவர்களின் வரிசை. அவருக்கு இரண்டே விரல்கள் அல்ல, பத்தும் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். திரையைப் பார்க்கவே மாட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வரி வரியாக ஓட்டுவார். பழைய நுண்ணோக்கி வேலைதான். பிழை இருந்தால் "சிவப்பு" என்பார். இல்லாவிட்டால் "பச்சை." மாலையில் கடைசிப் பக்கம் பச்சையானது.

சனிக்கிழமை காலை டிஸ்கெட்டுகளை மைலோ டின்னில் போட்டு, பஞ்சு வைத்து மூடி, மடியில் வைத்துக்கொண்டு சிரம்பான் பேருந்தில் உட்கார்ந்தார். இரண்டு பிரதிகள். கூடவே நான்.

ஆதப்பனின் அச்சகத்தில் மை வாசனை. அவர் டிஸ்கெட்டைத் தம் கணினியில் போட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அம்மா நின்றுகொண்டே இருந்தார். இருபதாம் பக்கத்தில் ஆதப்பன் நாற்காலியைத் திருப்பினார்.

"மிசின் எங்க வாங்குனிய?"

"நானே பொருத்துனதுங்க."

"நீங்களா? யாரும் ஒத்தாசைக்கு?"

"எம் மக. போர்டிக்சன்ல படிக்குது. அதுதான் கோளாறு எங்கன்னு கண்டுச்சி." பிறகு, "கோளாறு நான்தான்," என்றார்.

ஆதப்பனுக்குப் புரியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. உள்ளே திரும்பி, "தம்பி, பிளேட்டு போட ஆரம்பி! கோயில் மலரு வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய காகித உறையை இழுத்து அம்மாவின் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் கலியாணப் பத்திரிக்க. அடுத்த வாரம் வேணும். முடியுமா?"

அம்மா உறைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த தாளை எடுத்துப் படித்தார். மறுபடி உள்ளே வைத்தார்.

"முடியும்," என்றார்.

பேருந்தில் திரும்பும்போது இரண்டு முறை தனக்குள் சிரித்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளிர்பெட்டியிடம் போனார். கதவின் மேல் மூலையில் நகத்தை வைத்து நீலத் தாளை இழுத்தார். ஐந்து ஆண்டு ஒட்டியிருந்தது. சர்ரென்று நீளமாக வந்தது. அடியில் கதவு வெள்ளை வெளேர் என்று இருந்தது. அதன்பின் சுவர்க் கடிகாரம். அதன்பின் ரிமோட்டின் உறை. ஒவ்வொன்றாக உரித்து உரித்துக் கீழே போட்டார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் தண்ணீர் கேட்டு வந்த சன்னாசி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாக்கா, கலியாணம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சி. வா, நல்லா கை வெச்சித் தொற."

அதன்பின் ஒன்றரை ஆண்டு அம்மா அந்த மேசையில் இருந்தார். சிரம்பான், ரந்தாவ், கோலா பிலா வரைக்கும் போன பத்திரிகைகளை அவர் தட்டினார். எத்தனை கல்யாணம் என்று நான் எண்ணவில்லை. கணினி ஒரு நாளும் பாதியில் நிற்கவில்லை. நின்றது அவர்தான். அவருடைய கருமாதி அறிவிப்பை நான் அதில் தட்டினேன். பூதக்கண்ணாடியை எடுத்து வரி வரியாக ஓட்டினேன். பிழை இல்லை. பச்சை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையை.

விடிவதற்கு முன் பெரட்டு மணி அடித்தது. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. அம்மா குளித்து, மேலங்கி போட்டு, விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்திருந்தார். வெளியே பெண்கள் சாக்கோடு நடந்துபோகும் சத்தம். மோட்டார் சைக்கிள் வந்து வாசலில் நின்றது, இயந்திரத்தை அணைக்கவில்லை.

"பஞ்சாலை! மணி அடிச்சது கேக்கல? பெரட்டு!"

"கேட்டிச்சி மண்டோரே. வேல இருக்கு."

"என்னா வேல?"

"உங்க மகன் கலியாணப் பத்திரிக்க."

வெளியே மண்டோர் இயந்திரத்தை அணைத்தார்.

"அத நான் செரம்பான்ல ஆதப்பன்கிட்ட இல்ல குடுத்தேன்?"

"அவரு எங்கிட்ட குடுத்துட்டாரு. பொண்ணோட தாய்மாமன் பேரு இங்க சரியா வெளங்கல. உங்க கையெழுத்து அப்படி. உள்ள வந்து பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

மண்டோர் நல்லசாமி படியில் உட்கார்ந்து, சேறு படிந்த பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் தம் பெயரைப் படித்தார். மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"சூடாவாதா இப்ப?" என்று கேட்டார்.

"ஆவும்," என்றார் அம்மா. "ஆவணும். தாய்மாமன் பேரச் சொல்லுங்க."